கொளுஞ்சியும் யூரியாவும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றாண்டார்கோவில் என்றதும், கலையார்வம் கொண்டவர்களுக்குப் பாறையைக் குடைந்து அமைத்த சிவன் கோயிலும், குதிரைகளும் சக்கரங்களுமாகத் தேர் வடிவில் நிற்கும் கல்மண்டபமும் நினைவுக்கு வரும். குடைவரை பல்லவர் காலத்தது; மண்டபம் அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. ஆனால் இந்தக் கட்டுரை கோயிலைப் பற்றியதன்று. அந்தக் குன்றைவிட்டு இறங்கிச் செம்மண் வரப்பில் சற்று நடந்தால் உங்கள் காலில் தட்டுப்படும் ஒரு செடியைப் பற்றியது. முழங்கால் உயரம் இருக்கும். சிறு சிறு இலைகள். ஊதா நிறத்தில் அவரைப்பூவைப் போன்ற சிறிய பூ. ஆடு மாடுகள்கூட அதை விரும்பிக் கடிப்பதில்லை. அதன் பெயர் கொளுஞ்சி.

நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன்; பயிர்த்தொழில் படித்தவனல்லன். எங்கள் ஊர் குன்றாண்டார்கோவிலுக்கு அருகில் உள்ள சிற்றூர் என்பதாலும், அப்பா இன்றும் கண்மாய்ப் பாசனத்தில் நெல்லும் கிணற்றடியில் காய்கறியும் போடுகிறவர் என்பதாலும், ஆசிரியர் அறையில் ஒரு கேள்வி அடிக்கடி என்னிடம் வந்து சேரும். “சார், கடையில் ஆர்கானிக் அரிசி என்று ஒன்று இருக்கிறது. விலை ஏறத்தாழ இரு மடங்கு. வாங்கலாமா? சாதாரண அரிசியே போதுமா?” கேட்பவர்கள் ஒரு சொல்லில் பதில் எதிர்பார்க்கிறார்கள். அந்த ஒரு சொல்லைத் தேடிப் போனவன்தான் கொளுஞ்சிச் செடியிடம் வந்து நின்றேன். நீங்களும் சற்று உடன் வாருங்கள்.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘ஆர்கானிக்’ என்பதை ‘இயற்கை’ என்கிறோம். அரசு ஆவணங்களில் ‘அங்கக’ என்றும் ‘உயிர்ம’ என்றும் காண்கிறோம். என் பக்கத்து மேசையில் அமரும் வேதியியல் ஆசிரியருக்கோ ‘ஆர்கானிக்’ என்றால் கரிமச் சேர்மங்கள் என்று பொருள். அவர் கணக்கில் யூரியாவே ஒரு கரிமச் சேர்மம்! அதுவும் சாதாரணச் சேர்மமன்று. 1828-ல் ஜெர்மானிய வேதியியலார் பிரெடரிக் வோலர், உயிரினங்களின் உடலில் மட்டுமே உண்டாகும் என்று நம்பப்பட்ட யூரியாவைச் சோதனைச்சாலையில் செய்து காட்டினார். பசுவின் சிறுநீரில் உள்ள யூரியாவும் வோலரின் குடுவையில் உண்டான யூரியாவும் ஒன்றே என்று தெரிந்த அன்றுதான் கரிம வேதியியல் என்ற துறையே தலைநிமிர்ந்தது. இன்று கடையில் அந்த யூரியா படாத அரிசியைத்தான் ‘ஆர்கானிக்’ என்று விற்கிறார்கள். சொற்களின் பயணம் விசித்திரமானது.

காற்றில் இருக்கும் பஞ்சம்

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். பயிருக்கு மிகுதியாக வேண்டிய சத்தும் நைட்ரஜனே; உழவர்கள் தழைச்சத்து என்பது இதைத்தான். அப்படியிருந்தும் காற்றுக் கடலில் மூழ்கி நிற்கும் நெற்பயிர் தழைச்சத்து இல்லாமல் வெளுத்துப் போகிறது. காரணம் பௌதிகத்தில் இருக்கிறது. காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மும்மைப் பிணைப்பால் கட்டுண்டு கிடக்கின்றன. ஆக்சிஜன் மூலக்கூற்றைப் பிரிக்கத் தேவையான ஆற்றலைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு ஆற்றல் இருந்தால்தான் இந்தக் கட்டை அவிழ்க்க முடியும். மின்னல் அவிழ்க்கும். நெல்லின் வேரால் முடியாது.

கொளுஞ்சியின் வேரில் முடியும். 1886-ல் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரு ஜெர்மானியர்கள் இதை வெளிப்படுத்தினார்கள். அவரை, பயறு இனச் செடிகளின் வேர்களில் காணும் முடிச்சுகளில் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவை காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்து, கூலியாகச் செடியிடம் சர்க்கரை பெற்றுக்கொள்கின்றன. உலை இல்லை, புகைபோக்கி இல்லை. நம் வயல் மண்ணின் வெப்பநிலையில், சாதாரணக் காற்றழுத்தத்தில் இந்த வேலை நடக்கிறது.

எங்கள் பகுதியில் வற்றாத ஆறு கிடையாது. மழை பெய்தால் கண்மாய் நிரம்பும். நிரம்பினால் நெல், இல்லையேல் வரகும் கேழ்வரகும் கடலையும். வயலுக்கு உரம் என்பது கோடையில் வெட்டிய கண்மாய் வண்டல், இரவில் அடைத்த ஆட்டுக்கிடை, மாட்டுத் தொழுவின் எரு, ஆவாரை வேம்பு கொளுஞ்சி ஆகியவற்றின் தழை ஆகியவையே. இவற்றில் வண்டலும் எருவும் ஓரிடத்துச் சத்தை இன்னோரிடத்துக்கு மாற்றுகின்றன, அவ்வளவுதான். ஊருக்குப் புதிதாகத் தழைச்சத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதில் கொளுஞ்சிக்கும் அதன் இனத்துச் செடிகளுக்குமே பெரும் பங்கு. ஹெல்ரீகலைப் பற்றி எங்கள் முன்னோர் கேள்விப்பட்டதில்லை. கொளுஞ்சி மடக்கி உழுத வயலில் நெல் கறுத்து நிற்கும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும்.

பழைய முறை பொன்னானது என்று இதைக்கொண்டு முடிவு கட்டிவிடாதீர்கள். அப்பாயி உயிரோடிருந்த காலத்தில் ‘அந்தக் காலத்துச் சாப்பாடு’ என்று யாராவது புகழ ஆரம்பித்தால், “ஆமாம், வரகரிசிக் கஞ்சியும் கிடைக்காத நாளை உங்களுக்குத் தெரியுமா?” என்று வாயை அடைத்துவிடுவார். விளைந்தது நல்ல உணவுதான். எல்லோருக்கும் போதுமான அளவு விளையவில்லை.

மூட்டையில் வந்த காற்று

1840-ல் லீபிக் என்ற வேதியியல் மேதை ஒரு நூல் வெளியிட்டார். பயிர் மண்ணிலிருந்து உண்பது மக்கிய பொருளை அன்று. மக்குவதால் வெளிப்படும் எளிய உப்புகளையே என்று வாதிட்டார். நைட்ரஜன் விஷயத்தில் அவர் தவறினாலும் அடிப்படைக் கருத்து நிலைத்தது. எருவில் உள்ள நைட்ரஜனும் நுண்ணுயிர்களால் சிதைந்து அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாறிய பிறகே பெரும்பாலும் வேருக்குள் நுழைகிறது. யூரியாவும் அதே இரண்டு பொருள்களாகத்தான் மாறுகிறது. வேரின் வாசலில் ‘நீ தொழுவத்திலிருந்து வந்தாயா, தொழிற்சாலையிலிருந்து வந்தாயா’ என்று கேட்கும் காவல்காரன் இல்லை.

லீபிக் சொன்னதை வயலிலேயே சோதித்துப் பார்க்க இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் 1843-ல் ஒரு பரிசோதனை தொடங்கினார்கள். ஒரே வயலைத் துண்டுகளாக்கி, ஒன்றுக்கு ஆண்டுதோறும் எரு, ஒன்றுக்கு உப்பு உரங்கள், ஒன்றுக்கு எதுவுமே இல்லை என்று வைத்துக் கோதுமை விதைத்தார்கள். ராணி விக்டோரியா காலத்தில் தொடங்கிய அந்தப் பரிசோதனை இன்றும் நடக்கிறது. நம்மிடமும் இத்தகையது ஒன்று உண்டு. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரிப் பண்ணையில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை, இந்தியாவில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று.

நூறாண்டு பொறுமையாக நடத்திய பரிசோதனை என்ன சொல்கிறது? இரு கட்சியாருக்கும் முழு மகிழ்ச்சி தராத செய்தியைச் சொல்கிறது. ராதம்ஸ்டெட்டில் போதிய உப்பு உரம் பெற்ற துண்டும் எருப்பெற்ற துண்டும் நெடுங்காலம் ஏறத்தாழ ஒரே விளைச்சலைத் தந்து வந்தன. ‘செயற்கை உரம் போட்டால் பத்தே ஆண்டில் நிலம் மலடாகிவிடும்’ என்ற பேச்சை அந்த வயல் ஏற்கவில்லை. ஆனால் எருப்பெற்ற துண்டின் மண்ணில் கரிமச்சத்து மற்றதைவிட இரு மடங்குக்கு மேல் ஏறி நிற்கிறது. அந்த மண் நீரைப் பிடித்து வைக்கும், எளிதில் இறுகாது. ஆறு பாயும் ஊருக்கு இது ஒரு கூடுதல் வசதி. ஒரு மழைக்கும் மறு மழைக்கும் இடையே நாற்பது நாள் காத்திருக்கும் எங்கள் செம்மண்ணுக்கோ இது வாழ்வா சாவா என்ற விஷயம். நம் நாட்டு நீண்டகாலப் பரிசோதனைகள் பலவற்றில் முன்னணியில் நிற்பது எருவும் உரமும் சேர்ந்து பெற்ற துண்டுகளே. கடையில் அந்த மூன்றாம் வகைக்குத் தனிப் பை இல்லை, கவனித்தீர்களா?

உப்பு உரம் எங்கிருந்து வரும் என்பது அடுத்த பிரச்சினை. இந்தியாவின் முதல் உரத் தொழிற்சாலை நம் ராணிப்பேட்டையில் 1906-ல் பாரி கம்பெனி தொடங்கியது. ஆனால் அங்கே செய்தது சூப்பர் பாஸ்பேட், அதாவது மணிச்சத்து. தழைச்சத்துக்கு உலகம் முழுவதும் தென்னமெரிக்காவின் வெடியுப்புப் பாலைவனத்தையே பெரிதும் நம்பியிருந்தது. அந்த உப்புத் தீர்ந்தால் என்ன செய்வது என்று ஐரோப்பிய விஞ்ஞானிகள் கவலைப்பட்டார்கள்.

விடை 1909 ஜூலையில் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரச் சோதனைச்சாலையில் சொட்டுச் சொட்டாக வடிந்தது. ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் ஏறத்தாழ 200 வாயுமண்டல அழுத்தத்தில், 500 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில், ஓர் ஊக்கியின் மேல் செலுத்தி அம்மோனியா பெற்றார். அதைத் தொழிற்சாலை அளவுக்கு உயர்த்தியவர் கார்ல் போஷ். 1913-ல் ஒப்பாவ் ஆலை இயங்கத் தொடங்கியது. மறு ஆண்டே போர் வந்தது. அம்மோனியாவிலிருந்து உரமும் செய்யலாம், வெடிமருந்தும் செய்யலாம். முதலில் அதிகம் செய்தது எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உணவு இந்த முறையில் பிடித்த நைட்ரஜனைச் சார்ந்தது என்று மதிப்பிடுகிறார்கள். கொளுஞ்சி சத்தமில்லாமல் செய்யும் வேலையை மனிதன் இரும்பும் நெருப்பும் கொண்டு செய்தான். ஆனால் கொளுஞ்சி செய்ய முடியாத அளவில் செய்தான்.

அந்த அளவு நமக்குத் தேவைப்பட்ட காலம் வந்தது. 1943-ல் வங்காளத்தில் பஞ்சத்தால் மாண்டவர்கள் இருபது முப்பது லட்சம் பேர். 1966-ல்கூட ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்தைக் கப்பலில் இறக்குமதி செய்துதான் நாடு பிழைத்தது. 1960-ல் தஞ்சாவூரை முதல் ஏழு மாவட்டங்களுள் ஒன்றாகத் தேர்ந்து தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கினார்கள். ஆடுதுறை 27 வந்தது. பிறகு பிலிப்பைன்சிலிருந்து ஐ.ஆர். 8. உயரமாக வளர்ந்து சாயும் பழைய நெல்லுக்கு உரம் அதிகம் போட்டுப் பயனில்லை. குட்டையாக நிமிர்ந்து நின்ற புதிய ரகங்கள் உரத்தை மணியாக மாற்றின. பஞ்சம் பின்வாங்கியது. அப்பாயியின் கஞ்சிக் கலயம் சோற்றுப் பானையானதும் இதனால்தான். இதை மறந்துவிட்டு யூரியாவை ஏசுவது நன்றியன்று.

அந்தப் புரட்சியை முன்னின்று நடத்திய கும்பகோணத்துக்காரரான எம். எஸ். சுவாமிநாதனே, 1968 ஜனவரியில் வாரணாசியில் நடந்த இந்திய விஞ்ஞான காங்கிரசில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மண்ணின் வளத்தைப் பேணாமல் தீவிரச் சாகுபடி செய்வதும், கண்மூடித்தனமாகப் பூச்சிமருந்து தெளிப்பதும் பின்னால் கேடு தரும் என்றார். பாராட்டுக் கேட்ட அளவுக்கு எச்சரிக்கை கேட்கவில்லை.

‘மருந்து’ என்ற சொல்

உரத்தையும் பூச்சிக்கொல்லியையும் நாம் ஒரே மூச்சில் ‘கெமிக்கல்’ என்று சொல்லிவிடுகிறோம். இரண்டின் கதையும் வேறு. யூரியா பயிருக்கு உணவு. மிகுந்தால் நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகவும் காற்றில் நைட்ரஸ் ஆக்சைடாகவும் தொல்லை தரும். பூச்சிக்கொல்லி பிறந்ததே கொல்வதற்கு. அதற்குத் தமிழ் உழவன் ‘மருந்து’ என்று பெயர் வைத்தது, நம் மொழியில் நடந்த பெரிய விபத்துகளில் ஒன்று என்பேன்.

1939-ல் பால் முல்லர் டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் ஆற்றலைக் கண்டார். 1948-ல் நோபல் பரிசு பெற்றார். மலேரியாவை ஒடுக்கியதில் அதன் பங்கு பெரிது. 1962-ல் ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி, பறவைகள் அருகிவருவதைச் சுட்டி அதைக் கூண்டில் ஏற்றினார். இங்கே ஒரு பௌதிகச் செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். 1957-ல் ஜேம்ஸ் லவ்லாக் என்ற ஆங்கிலேயர் எலக்ட்ரான் கவர் உணர்கருவி என்ற ஒன்றை உருவாக்கினார். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அந்தக் கருவி, கோடியில் ஒரு பங்கைவிட மிகக் குறைந்த பூச்சிக்கொல்லியையும் காட்டிக்கொடுத்தது. அதன் பிறகுதான் டி.டி.டி. தாய்ப்பாலிலும் துருவப் பறவைகளிலும் இருப்பது உலகுக்கு ஐயமின்றித் தெரிந்தது. அளக்க முடியாத வரை அது இல்லாததாகவே இருந்தது! இதற்கு மறுபக்கமும் உண்டு. இன்றைய கருவிகள் எவ்வளவு சிறிய அளவையும் காட்டிவிடும். ‘நஞ்சு காணப்பட்டது’ என்ற செய்தித் தலைப்பைப் படிக்கும்போது ‘எவ்வளவு?’ என்ற கேள்வியை நீங்கள் விடக்கூடாது.

நம் நாட்டில் சட்டங்கள் சாவுக்குப் பின்னால் வந்தன. 1958-ல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த உணவால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் விளைவாக 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம். 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற வாயு, ஒரு பூச்சிக்கொல்லி செய்வதற்காகச் சேமித்து வைத்திருந்ததுதான். வயலில் டி.டி.டி.க்குத் தடை 1989-ல் வந்தது. காசர்கோட்டு மக்கள் நீண்ட காலம் போராடிய பிறகு எண்டோசல்பானுக்கு உச்ச நீதிமன்றம் 2011-ல் தடை விதித்தது.

இவ்வளவு நஞ்சும் தேவைதானா? 1970-களில் ஆசிய நாடுகளில் நெல்லைப் புகையான் பூச்சி தாக்கியது. மருந்தடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. ஆராய்ந்தபோது, புகையானைத் தின்னும் சிலந்தியும் பிற பூச்சிகளும் முதலில் செத்துவிடுகின்றன என்று தெரிந்தது. 1986-ல் இந்தோனேசியா நெல்லுக்கு 57 வகை மருந்துகளைத் தடை செய்து, உழவர்களுக்குப் பூச்சிகளை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தது. விளைச்சல் சரிந்துவிடவில்லை. யூரியாவை நிறுத்துவதும் மருந்தை நிறுத்துவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. கத்தரிச் செடியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழு ஒன்று உண்டு. அதற்காக அப்பா வாரம் ஒருமுறை முதுகில் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு மருந்தடிப்பார். கையுறை கிடையாது, மூக்கில் துண்டு. நான் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது ஒருநாள் நடுவயலில் தலைசுற்றி விழுந்தார். வாயில் எச்சில் ஒழுக, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கிக் கிடந்தவரைப் புதுக்கோட்டைக்குக் கொண்டு போய்க் காப்பாற்றினோம். அதற்குப் பிறகும் மருந்தடிப்பது நிற்கவில்லை. புழு விழுந்த காயைச் சந்தையில் யாரும் தொடுவதில்லையே. நின்றது வேறொன்று. கிணற்று மேட்டை ஒட்டி நான்கு பாத்திகளுக்கு மட்டும் அவர் மருந்தடிப்பதை விட்டுவிட்டார். “அது வீட்டுக்கு,” என்பார்.

நான்கு பாத்திக் காய் எங்கள் சட்டிக்கு. மற்றது உங்கள் சட்டிக்கு. அந்தக் கத்தரிக்காய்ப் பணத்தில்தான் நான் எம்.எஸ்சி. படித்தேன்.

போன வழியே திரும்பியது

‘இயற்கை விவசாயம்’ மேலை நாட்டிலிருந்து வந்த புதுமோகம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது புறப்பட்ட இடம் இந்தியா. ஆல்பர்ட் ஹோவார்டு என்ற ஆங்கிலேயத் தாவரவியலார் 1905-ல் பூசாவுக்கு வந்தார். 1924 முதல் இந்தூரில் பணியாற்றினார். இந்திய உழவருக்குப் பாடம் கற்பிக்க வந்தவர் அவர்களையே ஆசிரியராகக் கொண்டார். சாணம், சருகு, சிறுநீர் ஊறிய மண் ஆகியவற்றை அடுக்கி மக்கவைக்கும் இந்தூர் முறையை வகுத்து, 1940-ல் அதைப் பற்றிய புகழ்பெற்ற நூலை எழுதினார். ‘ஆர்கானிக் பண்ணையம்’ என்ற தொடரும் அதே ஆண்டில் இங்கிலாந்தில் நார்த்போர்ன் பிரபுவின் நூலில் இடம்பெற்றது. நம் குப்பைமேடு கப்பலேறிச் சென்று முத்திரையோடு திரும்பி வந்திருக்கிறது.

தமிழகத்தில் அதை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர் கோ. நம்மாழ்வார். 1938-ல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். மானாவாரி உழவனுக்குக் கட்டுப்படியாகாத உரத்தையும் மருந்தையும் சோதித்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை என்று 1969-ல் வேலையை விட்டார். அவரும் நண்பர்களும் தொடங்கிய ‘குடும்பம்’ என்ற அமைப்பு, கீரனூர்ப் பக்கம் ஒடுகம்பட்டியில் வறண்ட நிலத்தை வாங்கி ஒரு பண்ணை அமைத்தது. பெயர் என்ன வைத்தார்கள் தெரியுமா? கொளுஞ்சிப் பண்ணை.

மழைநீரை வரப்பிலே மறித்து, மரம் வைத்து, தழையும் மூடாக்குமாக அந்த மண்ணைத் தேற்றினார்கள். உழவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2013 டிசம்பரில் நம்மாழ்வார் மறைந்தபோது அவர் பெயர் தெரியாத ஊர் தமிழகத்தில் குறைவு. அந்த இயக்கத்தின் பெயரால் சொல்லப்படுகிற எல்லாமே சோதனையில் நின்றவை என்று நான் சொல்லமாட்டேன். பௌதிகக்காரனுக்கு நெருடுகிற பேச்சுகளும் அதில் உண்டு. ஆனால் மழையை நம்பிய செம்மண்ணுக்குக் கரிமச்சத்தே உயிர் என்ற அதன் மையக் கருத்து, ராதம்ஸ்டெட் வயல் காட்டியதோடு ஒத்துப்போகிறது.

தட்டில் தெரியுமா?

இப்போது ஆசிரியர் அறைக் கேள்விக்கு வருவோம். 2012-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆர்கானிக் உணவில் சத்து கணிசமாக அதிகம் என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. பூச்சிக்கொல்லி எச்சம் காணப்படும் வாய்ப்பு மட்டும் குறைவு. 2014-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் தலைமையில் வந்த இன்னொரு தொகுப்பு, ஆர்கானிக் விளைபொருளில் சில எதிர்-ஆக்சிகரணிகள் அதிகம், காட்மியம் குறைவு, சாதாரண விளைபொருளில் எச்சம் காணப்படுவது ஏறத்தாழ நான்கு மடங்கு என்றது. சத்தைப் பற்றி வழக்கு இன்னும் முடியவில்லை. எச்சத்தைப் பற்றி இருவரும் ஒரே பக்கம்.

சரி, பையில் ‘ஆர்கானிக்’ என்று எழுதியிருப்பது மெய்தானா என்று அரிசியைச் சோதித்துக் கண்டுபிடிக்கலாமா? இந்தக் கேள்வி வந்தபோது நிறைமாலைமானி என் துறைக் கருவியாயிற்றே என்று மகிழ்ந்தேன். நைட்ரஜனில் நிறை 14, நிறை 15 என்று இரு வகை அணுக்கள் உண்டு. காற்றில் கனமான வகை ஆயிரத்துக்கு நாலுக்கும் குறைவு. காற்றிலிருந்து செய்த யூரியாவில் ஏறத்தாழ அதே விகிதம்தான் இருக்கும். தொழுவுரத்தின் கதை வேறு. அது மக்கும்போது இலேசான அணு கொண்ட அம்மோனியா முந்திக்கொண்டு ஆவியாகிவிடும். கனமானது சற்று அதிகமாகத் தங்கும். எருப்போட்டு விளைந்த பயிரில் அந்தச் சிறு மிகுதி தெரியும். உலகின் சில சோதனைச்சாலைகள் இதைக்கொண்டு போலிகளைச் சந்தேகிக்கிறார்கள்.

ஆனால் கொளுஞ்சி? அது நைட்ரஜனை நேரே காற்றிலிருந்து பிடிக்கிறது. அதன் தழையில் இருப்பதும் ஏறத்தாழ காற்றின் விகிதமே. கொளுஞ்சி மடக்கி விளைந்த நெல்லும் யூரியாவில் விளைந்த நெல்லும் அந்தக் கருவிக்கு ஒரே மாதிரி! என் துறையின் நுட்பமான கருவி, வரப்புச் செடியின் முன்னால் கைவிரித்துவிட்டது. அந்த அரிசி எப்படி விளைந்தது என்பது பெரும்பாலும் அரிசியில் எழுதப்படுவதில்லை, வயலில்தான் எழுதப்படுகிறது.

சான்றிதழ்களும் ஆகவே வயலைத்தான் சோதிக்கின்றன. தமிழக அரசின் சான்றளிப்புத் துறை 2007-ல் கோயம்புத்தூரில் தொடங்கியது. ஆண்டுப் பயிர் என்றால் இரண்டு ஆண்டுகள் மாற்றக் காலம் கழிய வேண்டும், குறிப்பேடு வேண்டும், ஆய்வாளர் வருவார். இன்னொரு முறையில் குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி கூறுகிறார்கள். பொய் சொன்னால் பக்கத்து வயல்காரனுக்குத் தெரிந்துவிடும் என்பதே அதன் கருவி. 2018 ஜூலை முதல் சான்று இல்லாமல் ஆர்கானிக் என்று கடையில் விற்பது சட்டப்படி குற்றம். நேரடியாக விற்கும் சிறு உழவர்களுக்கு விலக்கு உண்டு.

அப்படியானால் எல்லோரும் ஒரே நாளில் மாறிவிட்டால் என்ன? பாக் நீரிணைக்கு அப்பால் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2021 மே மாதம் இலங்கை அரசு செயற்கை உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. மாற்று எரு போதவில்லை. மண்ணுக்கு அவகாசமும் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தியும் பெரும்போக நெல் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. அரிசியில் தன்னிறைவு பெற்றிருந்த தீவு வெளிநாட்டு அரிசிக்குக் கையேந்தியது. கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் நம் மொழி பேசும் உழவர்கள் பட்ட பாடு இது. ஒரு வயல் மாறவே இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும் என்று சான்றிதழ் விதியே சொல்லும்போது, ஒரு நாடு ஒரு போகத்தில் மாற வேண்டுமென்றால் எப்படி?

ஆகவே என்னைக் கேட்டால், இரு மடங்கு விலை கொடுத்து வாங்கும் வசதி உங்களுக்கு இல்லையென்றால் வெட்கப்படாதீர்கள். சாதாரணக் காயும் கீரையும் நிறையச் சாப்பிடுங்கள்; நன்றாகக் கழுவுங்கள். கழுவினால் மேலே ஒட்டியது போகும், உள்ளே ஊடுருவியது போகாது. ஆனாலும் காய்கறியைக் குறைத்துக்கொள்வது அதைவிடக் கேடு. வசதி இருந்தால், எல்லாவற்றையும் மாற்றுவதைவிட, அதிகம் மருந்தடிக்கும் கத்தரி, வெண்டை, காலிபிளவர் போன்றவற்றில் தொடங்குங்கள். அந்தக் கூடுதல் விலையால் உங்கள் உடலுக்குக் கிடைப்பது சிறிதாக இருக்கலாம். தெளிப்பானை முதுகில் சுமப்பவனுக்கு அது பெரிது. உண்பவனுக்கு எச்சமாக வருவது அவனுக்கு மழையாகவே நனைக்கிறது. சொத்தைக் காய் இரண்டு கிடந்தால் மூக்கைச் சுளிக்காமல் வாங்குங்கள். அப்பாவை வாராவாரம் மருந்தடிக்க வைத்தது புழு மட்டுமன்று.

சென்ற ஆண்டு அப்பாவும் அடுத்த வயல்காரர்கள் சிலரும் நெல்லுக்கு முன் கொளுஞ்சி விதைத்தார்கள். அதன் விதைத்தோல் மெழுகு போல் நீர் புகாதது. மணலோடு சேர்த்துத் தேய்த்தோ, சுடுநீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கியோதான் விதைக்க வேண்டும். அப்பா உரலில் மணலைப் போட்டுத் தேய்த்தார். யூரியாவை அடியோடு நிறுத்தவில்லை, பாதியாக்கினார். கத்தரியில் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, மருந்தடிப்பதை மாதம் ஒருமுறையாகக் குறைத்திருக்கிறார். கிணற்று மேட்டு நான்கு பாத்திகள் இன்னும் தனியாகத்தான் இருக்கின்றன.

நீங்கள் மாணவராக இருந்தால், அடுத்த மழைக்குப் பிறகு ஒரு காரியம் செய்யுங்கள். வரப்பில் பூத்து நிற்கும் கொளுஞ்சிச் செடி ஒன்றை வேர் அறாமல் மண்ணோடு தோண்டி எடுத்து, வாளி நீரில் மெல்ல அலசுங்கள். வேரில் மிளகளவு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் அதன் வேலை தொடங்கவில்லை அல்லது முடிந்துவிட்டது. இளஞ்சிவப்பாக இருந்தால், நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள் அங்கே ஆக்சிஜனைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறது. காற்று அந்த நேரத்தில் உரமாகிக்கொண்டிருக்கிறது.